மாடிவீட்டுக்காரரின் ஏணி

என் அக்காவின் கணவரை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடிவீட்டுக்காரர் என்பார்கள். நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில், டவர் கிரேனின் கண்ணாடிக் கேபினில், இன்னொரு ஆள் நிற்கக்கூட இடமில்லாத அந்தக் கூண்டில் பகல் முழுக்கக் குடியிருந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைக்காது. வாடகை இல்லை, கொசு இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பதினோரு வருடம் அப்படி இருந்தார். இப்போது அவர் மேலே இல்லை. அதற்கு நான்தான் காரணம். அக்கா அப்படிச் சொல்வதில்லை, மச்சானும் சொல்வதில்லை. அவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

நான் பல் லேப்பில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகவைத்து, அந்த வார்ப்பின் மேல் உறையோ பல்செட்டோ செய்து கொடுப்பேன். இந்த ஊரில் பாதிப்பேர் சிரிப்பது என் கைவேலை என்று கொஞ்சம் திமிராகவே பேசுவேன். வாயைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு விரலைக் கொடுத்தால் கையையே பிடித்துக்கொள்கிற ஆள் நான், அக்காவைக் கேட்டால் சொல்வாள்.

மச்சானின் வேலையைக் கீழே நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தரையில் வாக்கிடாக்கியோடு நிற்கும் சிக்னல்மேன் இன்னும் ஒரு சாண் என்றால் ஒரு சாண்தான் இறங்கும். இரண்டு டன் கம்பிக் கட்டு தரையைத் தொடும்போது பக்கத்துப் பலகையில் இருக்கும் டீ கிளாஸ் ஆடாது. சீட்டில் அக்கா தைத்துக்கொடுத்த மெத்தை, காலடியில் தண்ணீர் பாட்டில், ஜன்னல் கம்பியில் கட்டிய ஒரு சவரக் கண்ணாடி. அவ்வளவுதான் அவருடைய மாடி வீட்டுச் சாமான்.

அந்தக் கண்ணாடி எங்கள் இருவருக்குமானது. என் லேப் அங்கிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. மதியம் நான் வார்ப்புகளைக் காயவைக்க மொட்டைமாடிக்குப் போவேன். சரியாகப் பன்னிரண்டரைக்கு, கிரேன் உச்சியிலிருந்து ஒரு வெளிச்சம் இரண்டு தடவை என் கண்ணில் அடிக்கும். இறங்குகிறேன் என்று அர்த்தம். நான் வேலை அங்கியைக் கழற்றி ஆட்டுவேன். நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆம்பளைகள் செய்கிற காரியமா இது என்று அக்கா கேட்பாள்.

இறங்குவது என்றால் சாதாரணமில்லை. இரும்பு ஏணி, நூற்று ஐம்பத்திரண்டு படி. அதனால் அவருக்கு நாளுக்கு ஐந்து சிகரெட்டுக்கு மேல் போனதில்லை. ஏறுவதற்கு முன் ஒன்று, மதியம் இரண்டு, சாயங்காலம் இறங்கியதும் ஒன்று, வீட்டு வாசலுக்கு அந்தப் பக்கம் அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஒன்று. கேபினில் தீக்குச்சி கிழித்தால் அன்றே வேலை போகும். பத்து மணிக்கு ஆசை வந்தால் நூற்று ஐம்பத்திரண்டு படி இறங்கி, மறுபடி நூற்று ஐம்பத்திரண்டு படி ஏறி, நடுவில் மேஸ்திரியிடம் வசவும் வாங்க வேண்டும். ஆசையை மென்று விழுங்கிவிடுவார். அந்த ஏணிதான் அவருக்குக் காவலாக இருந்தது என்பது எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

அக்காவுக்கு அந்த ஐந்தும் ஆகாது. சட்டையில் நாற்றம், திரைச்சீலையில் நாற்றம் என்று புலம்புவாள். அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். கடைக் கவுன்டரில், மிட்டாய்ப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில், வட்டமான சின்ன டப்பாக்கள் வந்திருந்தன. உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளைப் பைகள். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒன்றை வைத்துக்கொண்டால் நிகோடின் மெல்ல இறங்குமாம். புகையிலை இல்லை, புகை இல்லை, துப்ப வேண்டியதில்லை, புதினா வாசனை வேறு. கடைக்காரர் பவுச் என்றார். மச்சானுக்காகவே செய்துவைத்த மாதிரி இருந்தது.

கொடுப்பதற்கு முன்னால் நானே ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது நிமிடம் விக்கல் பிடித்தது. அப்புறம் தலை சுற்றி, வயிற்றைப் புரட்டி, வேலை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெறும் வயிற்றில் வைத்ததுதான் தப்பு என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தலைமயிர் அளவு இடைவெளியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவன், டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையைப் படிக்கவில்லை. என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததை அவருக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோனேன்.

ஒரு விடுமுறை நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அக்கா முன்னாலேயே டப்பாவை எடுத்து வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதனால் ஒன்றும் ஆகாதா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெறும் நிகோடின்தான் மச்சான். கெடுதல் எல்லாம் புகையிலதான். தினமும் நூறு வாயைப் பாக்கிறவன் சொல்றேன், நம்பி வைங்க," என்றேன்.

அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை. நான் பார்ப்பது வாய் அல்ல, வாயின் பிளாஸ்டர்.

இரண்டே வாரத்தில் சிகரெட் நின்றுவிட்டது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உறவுக்காரர்கள் எல்லோரிடமும் என் தம்பியால்தான் என்று சொல்லிவைத்தாள். எனக்கும் உச்சி குளிர்ந்தது. லேப்பில் இரண்டு பேருக்கு நானே அந்த டப்பாவைச் சிபாரிசு செய்தேன். அந்தக் கணக்கைத் தனியாகத் தீர்க்க வேண்டும்.

சிகரெட்டுக்கு இறங்க வேண்டும், பவுச்சுக்கு இறங்க வேண்டாம். டப்பா சட்டைப் பையிலேயே இருந்தது. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. முதல் மாதம் நாளுக்கு ஐந்து, மூன்றாம் மாதம் பத்து, ஆறாம் மாதம் ஒரு முழு டப்பா, இருபது பை. கண்விழித்ததும் ஒன்று, தூங்கும்போதும் உதட்டுக்குள் ஒன்று. கடைக்காரர் வீரியம் கூடிய டப்பாவைக் காட்டியபோது அதற்கும் மாறிவிட்டார். மதியச் சாப்பாட்டைக்கூடக் கயிற்று வாளியில் மேலே ஏற்றிக்கொண்டார். பசியே இல்லை, எதற்கு மாப்ள இறங்கி ஏறணும் என்பார். பன்னிரண்டரைக்கு வரும் வெளிச்சம் நின்றுபோனது. நான் மொட்டைமாடியில் அங்கியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்ப்பேன். வேலை மும்முரம் போல என்று நினைத்துக்கொண்டு கீழே வந்துவிடுவேன்.

வீட்டில் ஆள் மாறிக்கொண்டே வந்தார். இரவெல்லாம் புரண்டு படுத்தார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தார். அக்கா எழுந்து உட்கார்ந்து பார்ப்பாளாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது என்றார். டப்பா தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, செருப்பு இடம் மாறி இருந்ததற்காக அக்காவிடம் எரிந்து விழுந்தார். வேலைச் சுமை என்றேன் நான். வயசாகிறது என்றேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழாவது மாடிக்குக் கம்பிக் கட்டு போய்க்கொண்டிருந்தது. பாதி உயரத்தில் அவருக்கு நெஞ்சு தறிகெட்டு அடித்தது, வேர்த்துக் கொட்டியது, பார்வையின் ஓரம் இருண்டது. அந்த நிலையிலும் வாக்கிடாக்கியில் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லி, கம்பிக் கட்டை அங்குலம் அங்குலமாகத் தரைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் தலையைக் குனிந்தார். டீ கிளாஸ் அன்றும் ஆடவில்லை என்று சிக்னல்மேன் பிறகு என்னிடம் சொன்னார். இரண்டு பேர் ஏறிப்போய், ஏணியில் மேலும் கீழுமாக நின்று அவரை இறக்க அரை மணி நேரம் ஆனது.

கம்பெனி உடனே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியது. அது முடியும்வரை மேலே ஏறக் கூடாது. அவர் பயந்தது நெஞ்சுக்காக இல்லை, கேபினுக்காக. வழி முழுக்க என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஏறவிடுவாங்கல்ல மாப்ள, ஏறவிடுவாங்கல்ல என்று நாலு தடவை கேட்டார்.

கம்பெனி கிளினிக்கில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். நெஞ்சுவலி உண்டா, சர்க்கரை உண்டா, குடிப்பீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, புகைபிடிப்பீர்களா. அவர் பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன போடறது மாப்ள? பவுச் இருக்கே."

"இல்லைன்னு போடுங்க. அது புகை இல்லையே. வீணா நீங்களே வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க," என்றேன்.

இல்லை என்று டிக் அடித்தார். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் டப்பாவைத் திறந்து ஒன்றை உதட்டுக்குள் வைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்சம் நிதானப்படுவார், நல்லதுதான் என்று தோன்றியது. நாடி நூற்று முப்பதைத் தாண்டியது. டாக்டர் மறுபடி பார்த்தார், மறுபடியும் அதேதான். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் கருவி கட்டி அனுப்பினார்கள். அந்த ஒரு நாளிலும் அவர் இருபது பை வைத்தார். பகலிலும் துடிப்பு எகிறியிருந்தது, நடுநிசியிலும் எகிறியிருந்தது. இதயத்தில் கோளாறு இல்லை, ரத்தத்திலும் இல்லை. டாக்டர் நல்ல மனிதர், என்னென்னவோ தேடினார். காரணம் தெரியவில்லை, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை என்று எழுதினார். அதிலும் காரணம் தெரியாவிட்டால் உயரத்தில் வேலை செய்வோர் பட்டியலிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள் என்பது கம்பெனி விதி.

ஆக, மூன்று மாதம் இருந்தது. அதற்குள் காரணம் தெரிந்தால் போதும்.

காரணம் என் கைக்கே வந்தது. மூன்றாம் மாதக் கடைசியில், மறுபரிசோதனைக்கு நாலு நாள் முன்னால், ஒரு கிளினிக்கிலிருந்து மேல்தாடை அச்சு ஒன்று வந்தது. தூக்கத்தில் பல் கடிப்பவருக்கு உறை வேண்டும் என்று சீட்டில் இருந்தது. எங்கள் லேப்புக்கு நோயாளியின் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். பிளாஸ்டர் ஊற்றி எடுத்தேன். இடது கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் ஒரு பள்ளம். பல்லின் வேர் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

இந்த மாதிரிப் பள்ளம் எனக்குப் புதிதில்லை. ஒரு வருடமாகவே மாதத்துக்கு மூன்று நான்கு வார்ப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எல்லாம் அதே இடத்தில், மேலுதட்டுக்குப் பின்னால். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிளாஸ்டரில் காற்றுக் குமிழி நின்றிருக்கிறது, அல்லது அச்செடுத்தவருக்குக் கை சரியில்லை. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே வைத்தியம், மெழுகு. உருக்கிய மெழுகைச் சொட்டுவிட்டு, பள்ளத்தை மூடி, கத்தியால் வழித்துவிட்டால் ஈறு பிறந்த குழந்தையுடையது மாதிரி ஆகிவிடும். சில கிளினிக்குகளுக்கு அச்சை ஒழுங்காக எடுங்கள் என்று காட்டமாகச் சீட்டுகூட எழுதி அனுப்பியிருக்கிறேன். அன்றும் அதையே செய்தேன். மெழுகு வைத்தேன், வழித்தேன், உறை செய்து அனுப்பினேன்.

மறுபரிசோதனைக்கும் நான்தான் கூட்டிப்போனேன். அதே ஃபாரம், அதே ஒன்பதாவது கேள்வி. இந்தத் தடவை அவர் என்னைக் கேட்கவே இல்லை, தானாகவே இல்லை என்று டிக் அடித்தார். துடிப்பு அதே துடிப்பு. காரணம் தெரியவில்லை என்று இரண்டாவது முறையும் எழுதினார்கள். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே வந்தவர் ஸ்கூட்டரில் ஏறாமல், நடந்தே வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அதற்கு ஆறு நாள் கழித்து அந்த உறை லேப்புக்குத் திரும்பி வந்தது. பல் டாக்டரம்மா சீட்டு வைத்திருந்தார். இடது பக்கம் ஆடுகிறது. வார்ப்பில் பள்ளத்தை அடைத்திருக்கிறீர்கள். அது அச்சின் குறை இல்லை. நோயாளி அந்த இடத்தில் நாளுக்கு இருபது நிகோடின் பவுச் வைக்கிறார், ஈறு இறங்கியிருக்கிறது. தயவுசெய்து வாயில் இருப்பதை அப்படியே விடுங்கள்.

நான் சீட்டை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் உறையை மேசையில் வைத்துவிட்டு, வேலை அங்கியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்காமல் அவர் முன்னால் மண்டியிட்டு, உதட்டைத் தூக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் தூக்கினார். நான் மெழுகு வைத்து மூடிய பள்ளம் அங்கே இருந்தது, சதையாக, வெளிறிப்போய். பக்கத்தில் அன்றைய பவுச்.

என் முகத்தைப் பார்த்து அவரே பேசினார்.

"பல் கடிக்கிறேன்னு உங்க அக்கா கூட்டிட்டுப் போன அந்த டாக்டரம்மா ஒருத்தங்கதான் மாப்ள கேட்டாங்க, உதட்டுக்குள்ள என்ன வைக்கிறீங்கன்னு. நெஞ்சு படபடக்குமே, தூக்கம் வராதேன்னும் கேட்டாங்க. அப்போதான் எனக்கே புரிஞ்சுது."

எப்போது கேட்டார்கள் என்றேன். உறையை மாட்டிப் பார்த்த அன்று, நேற்று என்றார். பத்து நாள் முன்னால் நான் மெழுகு வைக்காமல் இருந்திருந்தால், யாருடைய வாய் இது, ஏன் எல்லா வாயிலும் ஒரே இடம் என்று ஒரே ஒரு தடவை யோசித்திருந்தால், மறுபரிசோதனைக்கு முன்னால் அவருக்குக் காரணம் கிடைத்திருக்கும். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் அழுதேன். அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

விடுவது சுலபமாக இல்லை. மூன்று வாரம் தலைவலி, எரிச்சல், வீட்டுக்குள்ளேயே நடை. ஒரு தடவை குப்பைக் கூடையில் எறிந்த டப்பாவை அவரே தேடி எடுத்ததை அக்கா பார்த்தாள். ஆனாலும் விட்டார். ஐந்தாவது வாரம் நாடி எழுபத்து நான்கு. இரவு முழுக்கத் தூங்கினார். பசித்தது. படபடப்பு போன இடம் தெரியவில்லை. ஈறு மட்டும் ஏறவில்லை, அது இனிமேல் ஏறாது.

நான் கம்பெனி டாக்டரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன், ஒன்பதாவது கேள்விக்கு யார் பதில் சொன்னது என்பதையும் சேர்த்து. அவர் கோப்பிலிருந்து அந்த இரண்டு ஃபாரத்தையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"முதல் நாளே சொல்லியிருந்தா, விடச்சொல்லி ரெண்டே மாசத்துல மறுபடி ஏத்திவிட்டிருப்பேன். இப்ப அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு. ரெண்டு தடவ எழுதினதை நான் அழிக்க முடியாது," என்றார்.

பிறகு பேனாவை எடுத்து, ஃபாரத்தின் ஒன்பதாவது கேள்விக்குக் கீழே, உதட்டுக்குள் வைக்கும் பை ஏதேனும் உண்டா என்று தன் கையால் ஒரு வரி எழுதி, இதைப் பார்த்து நகல் எடுக்கச் சொல்லி உதவியாளரிடம் கொடுத்தார். இனி வருகிறவர்களுக்கு அது உதவும். லேப்பில் நான் சிபாரிசு செய்த இருவரில் ஒருவர் விட்டுவிட்டார். இன்னொருவர், நீதானே கொடுத்தாய் என்கிறார். பள்ளத்தோடு வரும் வார்ப்புகளில் இப்போது மெழுகு வைப்பதில்லை. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, வாயைப் பாருங்கள் என்று சீட்டு எழுதி அனுப்புகிறேன்.

மச்சானுக்குத் தரையில் வேலை கொடுத்தார்கள். வாக்கிடாக்கியோடு கிரேனுக்குக் கீழே நிற்கும் சிக்னல்மேன் வேலை. எல்லோரும் இன்னும் மாடிவீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம், மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தலையை அண்ணாந்து, கண்ணைச் சுருக்கி, ஒரு சாண், அரைச் சாண் என்று மேலே சொல்லிக்கொண்டிருந்தார். பலகை ஒன்று இறங்கியது. அது தரையைத் தொட்டபோது டீ கிளாஸ் ஆடியது. அப்போது வாக்கிடாக்கியில் புது ஆபரேட்டரின் குரல் வந்தது. அவருக்கு முப்பது வயது இருக்கும். தலை வலிக்கிறது, கை நடுங்குகிறது, சிகரெட்டுக்கு இறங்கி ஏற நேரமில்லை என்றார்.

"அண்ணே, கடையில வட்டமா சின்ன டப்பா விப்பாங்களே, அது ஒண்ணு வாங்கி வாளியில போட்டு அனுப்புறீங்களா?"

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பொத்தானை அமுக்கினார்.

"அது வேண்டாம் தம்பி. நீ இறங்கி வா. மேஸ்திரி திட்டுனா நான் வாங்கிக்கிறேன். கீழேருந்து மூணாவது படி ஆடும், பாத்து வை."

சரி என்றது குரல். பிறகு, இந்த ஜன்னல்ல ஒரு கண்ணாடி கட்டியிருக்கே, இது எதுக்கு என்று கேட்டது.

அவர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

"இறங்குறதுக்கு முன்னாடி அதை ரெண்டு தடவ ஆட்டணும்," என்றார்.

மேலே கண்ணாடி இரண்டு தடவை மின்னியது. வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலே போய், மூன்று தெரு தள்ளி, ஆளில்லாத என் லேப்பின் மொட்டைமாடியில் விழுந்திருக்கும். நான் வேலை அங்கியைப் போட்டுக்கொண்டு வரவில்லை. வெறும் கையை ஆட்டினேன்.